ஆடத் தெரிகிறது, எழுத வரவில்லை: இடைநிலைப்பள்ளியில் கலை பயில்வது எப்படி?



படிவம் நான்கு மாணவி ஒருவர். எட்டு ஆண்டுகளாகப் பரதம் கற்றவர். பள்ளி விழா என்றால் முதலில் அவர் பெயரைத்தான் எழுதுவோம். "நீ கண்டுகளித்த கலைநிகழ்ச்சி ஒன்றை விளக்கி எழுது" என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: "நடனம் மிகவும் அழகாக இருந்தது. உடைகள் கவர்ச்சியாக இருந்தன. அனைவரும் கைதட்டினர்." பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். தாளைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை கேட்டது: "டீச்சர், எனக்கு ஆடத் தெரியும். ஆனா அதப் பத்தி என்ன எழுதறதுன்னு தெரியல. யாரும் சொல்லித் தரலையே?"

கேள்வி நியாயமானது. நாம் பிள்ளைகளுக்கு ஆடவும் பாடவும் கோலம் போடவும் வாய்ப்புத் தருகிறோம். பார்த்ததைப் பிரித்துப் பார்க்கவும் சொற்களில் வைக்கவும் சொல்லித் தருவது குறைவு. மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். மதிப்பெண்ணைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. தான் கற்ற கலையைப் பற்றி இரண்டு பத்தி எழுத முடியாத பிள்ளை, "இது பாடமில்ல, சும்மா பொழுதுபோக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால் மறுத்துப் பேச வழியில்லாமல் நிற்கிறது. படிவம் நான்கில் சலங்கையைப் பரணில் ஏற்றிவிடும் பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

எழுத வராத இந்தக் குறையைத் தீர்க்கும் வழிமுறைதான் இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுகளை நமக்குப் பக்கத்திலேயே, பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவிலிருந்தும் அதைச் சுற்றிப் பிறந்த மேடைக்கலைகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

நம் மாணவருக்குக் கலை எங்கெங்கே இருக்கிறது?

நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர் கலையைச் சந்திக்கும் இடங்கள் இவை.

ஒன்று, கீழ்நிலைப் படிவங்களில் காட்சிக்கலைக் கல்வி அல்லது இசைக்கல்வி.

இரண்டு, எஸ்.பி.எம். அளவில் விருப்பப் பாடமாகக் காட்சிக்கலை. இதில் வரைவதோடு கலைவரலாறும் நயத்தலும் உண்டு.

மூன்று, எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம். கவிதை, நாவல் இவற்றோடு நாடகமும் இந்தப் பாடத்தில் இருக்கிறது. மேடைக்கலையைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே தேர்வெழுத நம் பிள்ளைகளுக்கு இருக்கும் வாசல் இதுதான். 2010 முதல் எஸ்.பி.எம். பாடங்கள் பத்துக்கு மேல் கூடாது என்ற அறிவிப்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகுமே என்று சமூகம் குரல் எழுப்பியது. பிறகு பன்னிரண்டு பாடங்கள் வரை எழுதலாம் என்றானது. அப்படிக் காத்துக்கொண்ட பாடத்தை நாடகம் என்ற உணர்வே இல்லாமல் குறிப்புத்தாளாக மட்டும் நடத்தினால் நமக்குத்தான் நட்டம்.

நான்கு, கலைப்பள்ளிகள். 2007இல் ஜொகூரிலும் சரவாக்கிலும் தொடங்கிய மலேசியக் கலைப்பள்ளிகளில் நடனம், நாடகம், இசை, காட்சிக்கலை ஆகியவை முழுநேரப் பாடங்கள்.

ஐந்து, பள்ளிக்கு வெளியே: நடனப்பள்ளி, தேவார வகுப்பு, உறுமிமேளக் குழு, கோயில் திருவிழா. பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளின் உண்மையான கலைப்பயிற்சி இங்கேதான் நடக்கிறது. இங்கே கற்றதைப் பள்ளிப் பாடத்தோடு இணைத்துக் காட்டுவது ஆசிரியரின் வேலை.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே 6ஆம் தரம் முதல் அழகியல் பாடம் ஒன்றை எல்லா மாணவரும் படிக்கிறார்கள். சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை தமிழ்மொழி மூலமே சாதாரண தரத் தேர்வுக்கும் உயர்தரத் தேர்வுக்கும் உரிய பாடங்கள். ஆடல், பாடல், நாடகம் ஆகியவற்றுக்கு எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. இது தானாக வந்த நிலைமை இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டு வந்தார். அப்போது மேடையேறிய 'இராவணேசன்' அந்த முயற்சியின் பெயர்பெற்ற விளைவு. குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் யாழ்ப்பாணத்தில் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, நாடகம் நடிப்பதோடு நாடகம் கற்பிப்பவர்களையும் உருவாக்கியது. கலையைப் பற்றிப் பேசவும் எழுதவும் தமிழில் சொற்கள் அங்கே உருவாகி நிலைத்தன. அந்தச் சொற்கள் நமக்கும் பயன்படும். தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வேலைகள்

எந்தக் கலைப்பாடமானாலும் மாணவரிடம் எதிர்பார்ப்பது மூன்று வேலைகளை.

1. ஆக்கல்: வரைதல், எழுதுதல், இசையமைத்தல், நடனம் அமைத்தல்.
2. நிகழ்த்தல்: ஆடல், பாடல், நடித்தல், காட்சிக்கு வைத்தல்.
3. நயத்தல்: பார்த்ததை, கேட்டதைப் பகுத்து விளக்குதல்.

பரதம் ஆடும் பிள்ளைக்கு இரண்டாவது நன்றாக வரும். ஓவியம் வரையும் பிள்ளைக்கு முதலாவது வரும். தேர்வுத் தாள் மூன்றாவதைக் கேட்கும்போது இருவருமே தடுமாறுகிறார்கள். ஏனென்றால் நயத்தல் என்றால் புகழ்வது என்று நினைத்துவிடுகிறார்கள். "அழகு", "அருமை", "சிறப்பு" என்பவை முடிவுகள். முடிவுக்கு முன்னால் சான்று வர வேண்டும். அறிவியல் பாடத்தில் சோதனையைச் செய்யாமல் முடிவை எழுதினால் ஒப்புக்கொள்வோமா? அதே கணக்குதான்.

நான்கு படிகள்

கலைக்கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகள் உலகெங்கும் கலை வகுப்புகளில் பயன்படுகின்றன. நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி இப்படிச் சொல்லலாம்.

1. என்ன இருக்கிறது? (விவரித்தல்) கண்ணுக்கும் காதுக்கும் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். கருத்து வேண்டாம்.
2. எப்படி அமைந்திருக்கிறது? (பகுத்தல்) கோடு, வண்ணம், தாளம், இடம், அசைவு.
3. என்ன சொல்கிறது? (பொருள் காணல்) அந்த அமைப்பு எந்த உணர்வை, எந்தக் கருத்தைத் தருகிறது?
4. எந்த அளவுக்கு வெற்றி? (மதிப்பிடல்) முன் மூன்று படிகளில் சொன்னதையே சான்றாக வைத்து முடிவு.

மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான்: முதல் படியிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவிவிடுவது. சில பேர் முதல் படியிலேயே கால் வைப்பதில்லை.

இதைப் பழக்க வகுப்பறையைவிடத் தெரு நல்ல இடம். லிட்டில் இந்தியாவுக்குப் போவோம்.

லிட்டில் இந்தியாவில் ஒன்றரை மணி நேரம்

குயின் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், சூலியா ஸ்திரீட், கிங் ஸ்திரீட் என்று சில தெருக்கள்தான். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் பகுதிக்குள் இவை அடங்கும். நம் பிள்ளைகள் தீபாவளிக்கு முன்பு துணி எடுக்க வந்து, வெயிலில் நடந்து, மோர் குடித்துவிட்டுப் போகும் இடம். பழகிய இடமாக இருப்பதே சிக்கல். பழகியதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நோட்டும் பென்சிலும் கொண்டு வரச் சொல்லுங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். படம் எடுத்த பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும்.

*முதல் நிறுத்தம்: குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் (20 நிமிடம்).* 1833ஆம் ஆண்டு என்று குறிக்கப்படும் பழைய கோயில். கோபுரத்துக்கு எதிரே நின்று பத்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை தளம்? மேலே போகப்போக அகலம் எப்படிக் குறைகிறது? உருவங்கள் எத்தனை? (எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போதுதான் பார்க்கிறார்கள்.) இடப்பக்கத்தில் இருப்பது வலப்பக்கத்திலும் இருக்கிறதா?

இங்கேயே காட்சிக்கலைப் பாடத்தின் சொற்களைக் கொடுத்துவிடலாம். தேர்வில் மலாய்ச் சொற்கள் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கலைக்கூறுகள் ஆறு: கோடு (காரிசான்), உரு (ரூப்பா), வடிவம் (பெந்தோக்), இழையமைப்பு (ஜாலினான்), வண்ணம் (வர்ணா), வெளி (ருவாங்). அமைப்பு நெறிகளில் சமநிலை (இம்பாங்ஙான்), முரண் (கொந்த்ரா), அழுத்தம் (பெனெகாசான்), ஒருமை (கெசத்துவான்) ஆகிய நான்கும் கோபுரத்திலேயே கிடைக்கும். இருபக்கமும் ஒத்திருப்பது சமநிலை. அடர்ந்த வண்ணச் சுதையுருவங்களுக்குப் பின்னால் வெறும் வானம் நிற்பது முரண். எல்லாக் கோடுகளும் கண்ணை மேலே கலசத்துக்குக் கொண்டு போவது அழுத்தம். 'வர்ணா' என்ற மலாய்ச் சொல்லும் 'வண்ணம்' என்ற நம் சொல்லும் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்பவை என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

*இரண்டாம் நிறுத்தம்: மார்க்கெட் ஸ்திரீட் பூக்கடை (20 நிமிடம்).* மாலை கட்டும் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பூவுக்கு ஒரு முடிச்சு? எங்கே நிறம் மாறுகிறது? இதுதான் அடுக்கமைவு. பக்கத்துக் கடை ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டுக்குக் கை வேகம் மாறுகிறதா என்றும் கவனிக்கலாம். அருகிலுள்ள சேலைக்கடையில் உடல், கரை, முந்தானை மூன்றிலும் ஒரே உரு எப்படி அளவு மாறி வருகிறது என்று பார்த்தால், வடிவமைப்புப் பாடம் பாதி முடிந்தது. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். "அண்ணே, பிள்ளைங்க கொஞ்ச நேரம் நின்னு பார்ப்பாங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

*மூன்றாம் நிறுத்தம்: பினாங்கு ஸ்திரீட் கோவில் வீடு (20 நிமிடம்).* தைப்பூசத்துக்கு முதல் நாள் நகரத்தாரின் வெள்ளி இரதம் புறப்படுவது இங்கிருந்துதான். காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்த இரதம் அது. தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் வரை காளைகள் இழுத்துப் போகும். இதை ஒரு நிகழ்த்துகலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மேடை எது? தெருவே மேடை. நடிகர் யார்? பார்வையாளர் யார்? இரதம் வரும்போது தேங்காய் உடைப்பவர் பார்வையாளரா, பங்கேற்பாளரா? ஒலி எதிலிருந்து எது வரைக்கும் ஏறுகிறது? அரங்கியலில் 'பார்வையாளர் பங்கேற்பு' என்று படிப்பதை நம் பிள்ளைகள் மூன்று வயதிலிருந்தே அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பெயர்தான் தெரியாது.

*நான்காம் நிறுத்தம்: சூலியா ஸ்திரீட் நாகூர் தர்கா (20 நிமிடம்).* சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பியது. கோயில் கோபுரத்தில் உருவங்களைப் பார்த்த கண்ணுக்கு, இங்கே உருவமே இல்லாமல் வளைவும் மாடமும் சிறு மினாராவும் எப்படி அழகைச் செய்கின்றன என்று ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒப்பிடுதல் உயர்நிலைச் சிந்தனை வினாக்களில் அடிக்கடி வருவது.

மீதிப் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து, நான்கில் ஒன்றைத் தேர்ந்து நான்கு படிகளிலும் இரண்டிரண்டு வரி எழுதட்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் 'அழகு' என்ற சொல் திரும்ப வந்துவிடும்.

பினாங்கில் பிறந்த இரண்டு மேடைக்கலைகள்

நாகூர் தர்காவில் முடித்த நடையை மேடைக்கலை வரலாற்றோடு தொடரலாம். பங்சாவான், போரியா என்ற பெயர்களைப் பிள்ளைகள் பள்ளியில் கேட்டிருப்பார்கள். "அது மலாய்க்காரங்க கலை, நமக்கு எதுக்கு டீச்சர்?" என்பார்கள். கதையைச் சொன்னால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கு வந்து நடித்தன. வரைந்த திரைச்சீலைகள், மின்னும் உடைகள், பாட்டு, ஆட்டம் என்று அந்த நாடகங்கள் மக்களைக் கட்டிப்போட்டன. மொழி புரியாதவர்களும் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பாணியை மலாய்மொழிக்குக் கொண்டுவந்து, மாமாக் புஷி என்பவர் 1885இல் பினாங்கில் தொடங்கிய குழுவையே முதல் பங்சாவான் குழுவாகக் கலைவரலாறு குறிக்கிறது.

அதே பார்சி நாடகம் தமிழ்நாட்டுக்கும் போனது. அங்கே தெருக்கூத்தோடு கலந்து, திரைச்சீலையும் ஆர்மோனியமும் கொண்ட கம்பெனி நாடகம் வளர உரமானது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களை எழுதி அதற்கு ஒழுங்கு கொடுத்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்கள் தங்கி நடிப்பும் பாட்டும் தமிழும் கற்றார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். கலைப்பள்ளி என்பது நமக்குப் புதிதில்லை என்பதற்கு அந்தச் சபா ஒரு சான்று.

ஆக, பங்சாவானும் தமிழ் இசை நாடகமும் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. முகச்சாயல் எப்படி ஒத்துப்போகிறது பாருங்கள்:

- நாயகன்: பங்சாவானில் ஓராங் மூடா, நம் நாடகத்தில் ராஜபார்ட்.
- நாயகி: அங்கே செரி பாங்கோங், இங்கே ஸ்திரீபார்ட்.
- கோமாளி: அங்கே பெலாவாக், இங்கே பபூன்.
- வசனம்: இரண்டிலும் கதை தெரியும், பேச்சு மேடையிலேயே பிறக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையில்லாமல் அன்றிரவு சந்தித்து விடியவிடிய நடிப்பார்கள்.
- இடைக்காட்சி: பங்சாவானில் திரை மாற்றும் நேரத்தில் 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்ற ஆட்டமும் பாட்டும் வரும். நம் நாடகத்தில் பபூனும் டான்ஸ்காரியும் வந்து சிரிக்க வைப்பார்கள்.
- திரை: காடு, அரண்மனை, தெரு, தோட்டம் என்று எல்லாக் கதைக்கும் பொதுவான திரைகள்.

"பங்சாவானின் கூறுகளை விளக்குக" என்ற கேள்வி வந்தால், தமிழ் மாணவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. தாத்தா பாட்டியைக் கேட்டால் ராஜபார்ட் கதை பாதி வந்துவிடும்.

போரியாவும் இப்படித்தான். பினாங்கில் நிறுத்தப்பட்ட மதராஸ் காலாட்படையின் முஸ்லிம் வீரர்கள் 19ஆம் நூற்றாண்டில் முகரம் மாதத்தில் நிகழ்த்தியதிலிருந்து அது வளர்ந்தது என்பது பரவலான கருத்து. இன்று முதலில் ஒரு குறுநாடகம், பிறகு பாட்டும் ஆட்டமும் என்ற அமைப்பில் மேடையேறுகிறது. துக்காங் காராங் என்னும் தலைவர் நான்கு வரிக் கண்ணியைப் பாட, குழு திருப்பிப் பாடும். நான்கு வரியும் ஒரே ஓசையில் முடியும். நம் யாப்பில் இதற்குப் பெயர் இயைபு! தலைவர் பாட, குழு வாங்கிப் பாடுவதை வில்லுப்பாட்டோடு ஒப்பிடலாம். இயைபைப் போரியாவை வைத்தே நடத்திப் பாருங்கள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றி நான்கு வரி கட்டி வரச் சொன்னால், பின்வரிசைப் பையன்களும் எழுதுகிறார்கள்.

நாடகப் பாடத்தை நின்றுகொண்டு படியுங்கள்

இனித் தமிழ் இலக்கியத்தில் நாடகப் பகுதிக்கு வருவோம். உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து, கதைச்சுருக்கம் எழுதி, பாத்திரப் படைப்பை மனப்பாடம் செய்வது வழக்கமாகிவிட்டது. நாடகத்தில் பாதி விஷயம் வசனத்தில் இருக்காது. வசனத்துக்கு நடுவே இருக்கும். வகுப்புக்காக நான் எழுதிய சிறு காட்சி இது. இடம்: மார்க்கெட் ஸ்திரீட் பூக்கடை. நேரம்: மாலை.

அம்மா: சாப்டியா?
மகன்: பசிக்கல.
அம்மா: லெட்டர் வந்துச்சா?
(மகன் பேசாமல் பூக்கூடையை நகர்த்தி வைக்கிறான்.)
அம்மா: சரி. கை கழுவிட்டு வா.

இருவரை எழுந்து நின்று மூன்று முறை நடிக்கச் சொல்லுங்கள். முதல் முறை, கடிதம் வந்திருக்கிறது, இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை, இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் அம்மாவை விட்டுத் தூரம் போக வேண்டும். மூன்றாம் முறை, கடிதத்தை மகன் இன்னும் பிரிக்கவே இல்லை. வசனம் ஓர் எழுத்துக்கூட மாறாது. கூடையை நகர்த்தும் கை மாறும், "சரி" என்ற சொல்லின் ஓசை மாறும், அதற்கு முன்னால் விடும் இடைவெளி மாறும்.

பிறகு கேளுங்கள்: "அம்மாவுக்கு விஷயம் எந்த இடத்துல புரிஞ்சது?" மாணவர்கள் சண்டை போடுவார்கள். போடட்டும். அந்தச் சண்டைதான் பாத்திரப் படைப்பு வினாவுக்கு விடை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக்குறிப்பைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் அன்றோடு போய்விடும். பிறகு பாடநூல் நாடகத்தில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து இதே முறையில் செய்யுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் நேரம் இருக்காது. ஒரு பக்கத்தை இப்படிப் படித்த பிள்ளை மற்றப் பக்கங்களைத் தானே அப்படிப் படிக்கும்.

விடை எழுதும் முறை: ஓர் ஒப்பீடு

வினா: மேற்காணும் காட்சியில் தாய் எத்தகையவள்?

*விடை அ:* தாய் அன்பானவள். மகன் மீது பாசம் கொண்டவள். பொறுமையானவள். அவள் ஒரு சிறந்த தாயாக விளங்குகிறாள்.

*விடை ஆ:* தாய், மகனின் மனத்தைப் பேச்சில்லாமலே அறிந்துகொள்பவள். கடிதம் பற்றிக் கேட்ட கேள்விக்கு மகன் விடை சொல்லாமல் பூக்கூடையை நகர்த்துகிறான். அவள் மறுபடியும் கேட்கவில்லை. "சரி" என்ற ஒரே சொல்லால் அந்தப் பேச்சை முடித்து, "கை கழுவிட்டு வா" என்று சாப்பிட அழைக்கிறாள். அவன் பசிக்கவில்லை என்று சொன்ன பிறகும் அழைப்பதால், உணவு இங்கே ஆறுதலின் வடிவமாகிறது. இதனால் அவளது அன்பு சொல்லில் அல்லாமல் செயலில் வெளிப்படுவதாக ஆசிரியர் காட்டுகிறார்.

விடை அ தவறில்லை. ஆனால் எந்த நாடகத்தின் எந்தத் தாய்க்கும் அதை எழுதலாம். விடை ஆவை இந்தக் காட்சிக்கு மட்டுமே எழுத முடியும். மாணவர்களே, உங்கள் விடையைச் சோதிக்க எளிய வழி இது: பெயரை மாற்றினால் வேறு படைப்புக்கும் பொருந்துகிறதா? பொருந்தினால் திரும்ப எழுதுங்கள்.

தேர்வுக்கு முன் நினைவில் வைக்க வேண்டியவை:

- ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சான்று. சான்றில்லாத கருத்தை அடித்துவிடுங்கள்.
- "அழகு, அருமை, சிறப்பு" மூன்றையும் முதல் வரைவில் எழுதாதீர்கள். கடைசி வரியில் ஒரு முறை வரலாம்.
- கலைச்சொல்லைச் சும்மா தூவாதீர்கள். 'முரண்' என்று எழுதினால் எதற்கும் எதற்கும் முரண் என்று சொல்லுங்கள்.
- செய்முறைப் படைப்பு இருந்தால், முதல் நாளிலிருந்தே குறிப்பேடு வையுங்கள். வரைந்து கிழித்ததையும் ஒட்டி வையுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். படைப்பு வளர்ந்த விதத்தைப் பிறகு விளக்க அந்தக் கிழிந்த தாள்தான் கைகொடுக்கும்.
- எந்தப் பாடமானாலும் அந்த ஆண்டுக்குரிய தேர்வு வடிவமைப்பை ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

"இது சோறு போடுமா?"

பெற்றோர் சந்திப்பு நாளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கோபப்பட வேண்டாம். வீட்டு வாடகையையும் தம்பி தங்கை படிப்பையும் நினைத்துக் கேட்கிறார்கள். "கலை மனிதனை உயர்த்தும்" என்று மேடைப்பேச்சு பேசினால் எடுபடாது. நேராகச் சொல்லலாம்: "ஐயா, பிள்ளை நடனத்தையே தொழிலா எடுக்கணும்னு நான் சொல்லல. வாரத்துக்கு நாலு மணி நேரம் எட்டு வருஷமா செஞ்ச ஒரு விஷயத்த நிறுத்தறதுக்கு முன்னால, அது பாடத்துக்கு எப்படி உதவுதுன்னு ஒரு வருஷம் பார்ப்போம்." பிறகு பிள்ளையின் பழைய விடைத்தாளையும் புதிய விடைத்தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நமக்கு இதைவிட நல்ல வாதம் இல்லை. கட்டட வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, ஒலிப்பதிவு, ஒளிபரப்பு, விளம்பரம், ஆசிரியப்பணி என்று கலைப்பயிற்சி பயன்படும் துறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

அதே நேரம் பிள்ளைகளிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும். பாடம் எடுத்தால் மட்டும் மதிப்பெண் வராது. தமிழ் இலக்கியத்தைப் பல பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ சனிக்கிழமையிலோதான் படிக்க முடிகிறது. நடன வகுப்பும் அதே சனிக்கிழமைதான். கால அட்டவணையை ஆசிரியரும் பெற்றோரும் நடன ஆசிரியரும் சேர்ந்து போட்டால் இரண்டையும் காப்பாற்றலாம். நடன ஆசிரியரை ஒரு முறை தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். நம் பிள்ளை அவர்களுக்கும் பிள்ளைதான்.

அந்த மாணவி

தொடக்கத்தில் சொன்ன மாணவியிடம், ஆடுவதில் மிகவும் பழகிய ஒன்றைப் பற்றியே எழுதச் சொன்னேன். அலாரிப்பை எடுத்துக்கொண்டார். முதலில் தெரியாது என்றார். "சரி, ஆடிக் காட்டு, ஆடிக்கிட்டே என்ன செய்யறேன்னு சொல்லு" என்றேன். கண் அசைகிறது, பிறகு கழுத்து, பிறகு தோள், பிறகு கை, பிறகு அரைமண்டி என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "டீச்சர், இது மேலேருந்து கீழே ஒவ்வொண்ணா முழிக்குது!" என்றார். எட்டு ஆண்டுகளாக ஆடியதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். அந்த வரியையே எழுத்து வழக்குக்கு மாற்றித் தொடக்கமாக வைத்து ஒரு பக்கம் எழுதினார். அதில் 'அழகு' என்ற சொல் ஒரு முறைதான் வந்தது. கடைசி வரியில்.

இந்தப் பருவத்தில் ஒரு வகுப்பிலாவது இந்த நான்கு படிகளை முயன்று பாருங்கள். லிட்டில் இந்தியா தூரமாக இருந்தால் உங்கள் ஊர்க் கோயில், சந்தை, தையல்கடை எதுவானாலும் போதும். மாணவர் எழுதியவற்றில் நல்லவற்றைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். மற்றப் பள்ளிகளுக்கும் பயன்படும்.